கொல்லும் கதிரும் காக்கும் கதிரும்

(மேல்நிலை இரண்டாம் ஆண்டு, அறிவியல் பிரிவு மாணவி எழுதியது)



சென்ற கோடை விடுமுறையில் என் அம்மாச்சியைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். அம்மாச்சிக்குப் பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். இரு கண்களிலும் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசிகின்றன என்றும், காலந்தாழ்த்தாமல் லேசர் சிகிச்சை செய்துகொள்ள வேண்டும் என்றும் மருத்துவர் கூறினார். லேசர் என்ற சொல்லைக் கேட்டதுதான் தாமதம், அம்மாச்சி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"ஏம்மா, தம்பி பாக்குற படத்துல ஆளையே பொசுக்கிச் சாம்பலாக்குதே, அந்த வெளிச்சத்தையா என் கண்ணுக்குள்ள விடப் போறாங்க? எனக்கு வேண்டவே வேண்டாம். வாங்க, வீட்டுக்குப் போவோம்!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வீட்டில் அறிவியல் படிப்பவள் நான் ஒருத்திதான். ஆனால் அன்று என்னிடம் பதில் இல்லை. வீடு திரும்பிவிட்டோம்.

பள்ளி திறந்ததும் இதனை எங்கள் இயற்பியல் ஆசிரியை சிஸ்டரிடம் கூறினேன். அவர் சிரிக்கவில்லை. "அம்மாச்சி கேட்டது நல்ல கேள்வி. கதையில் வரும் கதிருக்கும் மருத்துவர் கையிலுள்ள கதிருக்கும் என்ன வேறுபாடு? நீயே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வந்து சொல்" என்றார். அப்படிப் போட்ட கணக்குகளே இக்கட்டுரை. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். ஆகவே இளைய தங்கையரும் அஞ்சாமல் படிக்கலாம்.

கதையில் பிறந்த கதிர்

கதிரால் பகைவனை எரிக்கும் எண்ணம் மிகப் பழமையானது. கி.மு. 212-இல் ரோமானியர் சிரக்யூஸ் நகரை முற்றுகையிட்டபோது, ஆர்க்கிமிடீஸ் ஆடிகளைக் கொண்டு சூரிய ஒளியைக் குவித்துக் கப்பல்களை எரித்தார் என்பது ஒரு கதை. அம்முற்றுகையைப் பற்றி விரிவாக எழுதிய பழைய வரலாற்று ஆசிரியர் பொலிபியஸ் இதனைக் குறிப்பிடவில்லை. எனினும் 1747-இல் பிரெஞ்சு அறிஞர் புஃபோன் பல சமதள ஆடிகளை ஒருங்கே திருப்பி, தொலைவிலிருந்த மரக்கட்டையைத் தீப்பிடிக்கச் செய்து காட்டினார். அசையாத இலக்கும் நல்ல வெயிலும் இருந்தால் இது கைகூடும்; அசையும் கப்பலுக்கும் மேகமூட்டமான நாளுக்கும் பயன்படாது.

1898-இல் எச். ஜி. வெல்ஸ் என்னும் ஆங்கில எழுத்தாளரின் 'உலகங்களின் போர்' என்ற புதினம் நூலாக வெளிவந்தது. அதில் செவ்வாய்க் கிரகத்தவர் 'வெப்பக் கதிர்' என்ற ஆயுதத்தோடு வருகிறார்கள். பரவளைய ஆடி ஒன்றிலிருந்து கண்ணுக்குத் தெரியாத வெப்பம் இணைகற்றையாகப் பாய்ந்து எதிர்ப்பட்டதையெல்லாம் எரிக்கிறது. இன்று நாம் திரையில் காணும் கதிர்த் துப்பாக்கிகளுக்கெல்லாம் இக்கதையே பாட்டி எனலாம்.

கதையில் வந்தது விரைவில் செய்தித்தாளுக்கும் வந்துவிட்டது. 1924-இல் ஹாரி கிரிண்டெல் மாத்யூஸ் என்ற ஆங்கிலேயர் தாம் கொல்லும் கதிரைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார். ஆனால் ஐயம் தீரும்படி அதனை மெய்ப்பித்துக் காட்டவில்லை. 1934-இல், மாறுதிசை மின்னோட்டத்தின் வளர்ச்சிக்குப் பெரிதும் உழைத்த நிகோலா டெஸ்லாவே, தமது முதுமையில், விமானங்களை வீழ்த்தும் துகள் கற்றை ஒன்றைப் பற்றிப் பேசினார். அதுவும் பேச்சளவிலேயே நின்றுவிட்டது.

ஒரு கணக்கு ஒரு நாட்டைக் காத்தது

தோழியரே, இக்கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அக்காலத்தில் பிரிட்டனின் விமான அமைச்சகத்துக்குக் கொல்லும் கதிரைப் பற்றிய கவலை இருந்தது. எதிரி நாடு அதனைச் செய்துவிட்டால் என்ன ஆவது? நூறு கஜத் தொலைவில் ஓர் ஆட்டைக் கதிரால் கொன்று காட்டுவோருக்கு ஆயிரம் பவுன் பரிசு என்றுகூட அறிவித்திருந்தார்கள். பரிசு பெற எவரும் வரவில்லை; ஆடு பிழைத்தது!

1935-இன் தொடக்கத்தில் அவர்கள் இராபர்ட் வாட்சன் வாட் என்னும் வானொலி ஆய்வாளரிடம் கருத்துக் கேட்டார்கள். அவர் தம் உதவியாளர் அர்னால்டு வில்கின்ஸிடம் ஒரு கணக்கைக் கொடுத்தார்: "5 கிலோமீட்டர் தொலைவில், 1 கிலோமீட்டர் உயரத்தில் 8 பைண்ட் தண்ணீர் இருக்கிறது. அதனை 98 பாகை பாரன்ஹீட்டிலிருந்து 105 பாகைக்குச் சூடேற்ற எவ்வளவு ரேடியோ ஆற்றல் வேண்டும்?" வில்கின்ஸ் உடனே புரிந்துகொண்டார். 98 பாகை என்பது மனித உடலின் வெப்பநிலை. 8 பைண்ட் என்பது ஒரு மனிதனின் இரத்தம். விமானியைக் காய்ச்சலால் வீழ்த்த முடியுமா என்பதே கேள்வி!

அந்தக் கணக்கை எளிய முறையில் நானும் போட்டுப் பார்த்தேன். 8 பைண்ட் என்பது ஏறத்தாழ 4.5 லிட்டர். 7 பாகை பாரன்ஹீட் என்பது 3.9 பாகை செல்சியஸ். ஒரு கிலோகிராம் தண்ணீரை ஒரு பாகை செல்சியஸ் உயர்த்த 4,200 ஜூல் தேவை. ஆகவே,

4.5 × 4,200 × 3.9 = ஏறத்தாழ 74,000 ஜூல்.

இது பெரிய அளவன்று. ஒரு கிலோவாட் மின் அடுப்பு ஒன்றேகால் நிமிடத்தில் தரும் ஆற்றல்தான். அப்படியானால் இடர்ப்பாடு எங்கே? ரேடியோ அலை நேர்க்கோட்டில் குச்சிபோலப் போவதில்லை, நாலாபுறமும் பரவுகிறது. 5 கிலோமீட்டர் ஆரமுள்ள அரைக்கோளத்தின் பரப்பு 15 கோடியே 70 லட்சம் சதுர மீட்டர். அதில் விமானியின் உடல் தடுத்து நிறுத்துவது அரைச் சதுர மீட்டர் என்று கொள்வோம். அதாவது, அனுப்பிய ஆற்றலில் 31 கோடியில் ஒரு பங்குதான் அவரை அடைகிறது. பத்து நிமிடத்தில் 74,000 ஜூல் சேர வேண்டுமானால் அவர் உடலில் 123 வாட் விழ வேண்டும். அதற்கு நிலையத்திலிருந்து அனுப்ப வேண்டியது 38,000 மெகாவாட்டுக்கும் மேல்! ஆயிரம் மெகாவாட் மின் நிலையங்கள் முப்பத்தெட்டு ஒன்றுகூடி ஒரே ஒரு விமானிக்குக் காய்ச்சல் வரவழைக்க வேண்டும். அதுவும் அவர் பத்து நிமிடம் அதே இடத்தில் நின்று கொடுத்தால்தான். அவரைச் சுற்றியுள்ள உலோகக் கூடும் அலையைத் தடுக்காமல் இருந்தால்தான்.

வில்கின்ஸின் விடையும் "முடியாது" என்பதே. ஆனால் அவர் அத்துடன் நிற்கவில்லை. விமானம் அருகே பறக்கும்போது வானொலி ஏற்பில் குழப்பம் உண்டாவதை அஞ்சல் துறைப் பொறியாளர்கள் முன்பே கவனித்திருந்ததை நினைவுபடுத்தினார். விமானத்தை ரேடியோ அலையால் அழிக்க முடியாது. ஆனால் அதில் பட்டுத் திரும்பும் அலையைக் கொண்டு, அது வருவதை அறிந்துகொள்ள முடியுமல்லவா? 1935 பிப்ரவரி 26 அன்று டாவென்ட்ரி என்ற ஊரின் ஒலிபரப்பு நிலையத்தருகே ஒரு குண்டுவீச்சு விமானத்தைப் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவு வரை அது தென்பட்டது. அதுவே பிரிட்டனில் ரேடாரின் பிறப்பு. 1940-இல் விமானத் தாக்குதலிலிருந்து அந்நாட்டைக் காத்தவற்றுள் கடலோர ரேடார் கோபுரங்களும் ஒன்று.

"முடியாது" என்று நேர்மையாகச் சொன்ன ஒரு கணக்கு, "இது முடியும்" என்ற வேறொரு கதவைத் திறந்துவிட்டது. இதனை மறவாதிருப்போம்.

ஒளியின் அணிவகுப்பு

ரேடியோ அலை பரவிவிடுகிறது. பரவாத ஒளி உண்டா? இதற்கு விதை ஊன்றியவர் ஐன்ஸ்டீன். ஆற்றல் மிகுந்த நிலையில் உள்ள ஓர் அணுவின்மீது தகுந்த ஒளி பட்டால், அந்த அணு அதே அலைநீளத்தில், அதே கட்டத்தில், அதே திசையில் ஒளியை உமிழும் என்று 1917-இல் அவர் காட்டினார். இதற்குத் தூண்டு உமிழ்வு என்று பெயர்.

மாலையில் பள்ளி விடும் மணி அடித்ததும் நாம் எப்படி வெளியேறுகிறோம்? ஒவ்வொருத்தி ஒரு பக்கம், ஒவ்வொருத்தி ஒரு வேகம். மின்விளக்கின் ஒளி அப்படிப்பட்டது. விளையாட்டு விழா அணிவகுப்பில் எப்படி நடக்கிறோம்? ஒரே தாளம், ஒரே திசை, ஒரே அடி. லேசர் ஒளி அப்படிப்பட்டது. இரு முனைகளிலும் ஆடிகளை வைத்து, ஒளியை நடுவிலுள்ள பொருளுக்குள் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் இந்த அணிவகுப்பு பெருகிக்கொண்டே போகும்.

1960 மே 16 அன்று அமெரிக்காவில் தியோடர் மைமன் என்ற விஞ்ஞானி, விரலளவேயான செயற்கை மாணிக்கக்கல் தண்டு ஒன்றைச் சுருள் வடிவ மின்வெட்டு விளக்குக்குள் வைத்து முதல் லேசர் ஒளியைப் பெற்றார். செய்தியாளர்களோ கொல்லும் கதிர் வந்துவிட்டது என்றே எழுதினார்கள். வெல்ஸின் கதை அவர்கள் மனத்தைவிட்டு நீங்கவில்லை போலும்!

சரி, லேசர் வந்துவிட்டதே, கதைத் துப்பாக்கி ஏன் வரவில்லை? இயற்கை மூன்று தடைகளை வைத்திருக்கிறது.

முதல் தடை: விரிதல்

அணிவகுத்துச் செல்லும் ஒளியும் முற்றிலும் விரியாமல் இருக்க முடியாது. ஒளி அலையாக இருப்பதால், எந்தத் துளை வழியாக வந்தாலும் விளிம்பு விளைவால் சற்றே விரியும். அதன் அளவை ஒரு சிறு வாய்பாடு கூறுகிறது: விரியும் கோணம் = 1.22 × அலைநீளம் ÷ துளையின் விட்டம். அலைநீளம் குறைந்தால் விரிவு குறையும். ஆடி பெரிதானாலும் விரிவு குறையும்.

ஒருநாள் மாலை, மாணவியர் அனைவரும் வீடு சென்றபின், சிஸ்டரின் மேற்பார்வையில் ஆய்வுக்கூடத்துச் சிறு லேசர் விளக்கைத் தாழ்வாரத்தின் ஒரு கோடியில் வைத்து மறுகோடிச் சுவரில் விழச் செய்தோம். இடைத்தூரம் 50 மீட்டர். புறப்படும்போது அரைச் சென்டிமீட்டர்கூட இல்லாத செம்புள்ளி, சுவரில் ஆறு சென்டிமீட்டர் அகலமாக விழுந்தது. தாழ்வாரத்திலேயே இப்படி என்றால் விண்வெளியில் கேட்கவா வேண்டும்? ஒரு மீட்டர் விட்டமுள்ள குறையற்ற ஆடியிலிருந்து, ஒரு மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள கதிரை 1,000 கிலோமீட்டர் தொலைவுக்கு அனுப்பினால் அங்கே அது 2.4 மீட்டர் அகலத்துக்கு விரிந்திருக்கும். ஊசிமுனைபோல் துளைக்க வேண்டிய கதிர் ஒரு வாசற்கதவின் உயரத்துக்குப் பரவிவிடும்.

இதே விரிவை அறிவியல் நன்மைக்குப் பயன்படுத்தியிருக்கிறது. 1969-இல் அப்பல்லோ 11 வீரர்கள் நிலவில் ஒளி திருப்பும் ஆடித் தொகுதி ஒன்றை வைத்து வந்தார்கள். பூமியிலிருந்து தொலைநோக்கி வழியாக அனுப்பும் லேசர் ஒளி நிலவை அடையும்போது ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்துவிடும். திரும்பி வருவது மிக மிகச் சிறு பங்கே. ஆயினும் அதனைக் கொண்டு நிலவு ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் வீதம் நம்மைவிட்டு விலகிச் செல்வதை அளந்துவிட்டார்கள். 2023 ஆகஸ்டு 23 அன்று நிலவில் இறங்கிய நம் சந்திரயான்-3 கலமும் இத்தகைய சிறு ஆடித் தொகுதி ஒன்றைச் சுமந்து சென்றது.

இரண்டாம் தடை: ஆற்றல்

திரைப்படத்தில் நாயகன் கைத்துப்பாக்கியை நீட்டுகிறான். எதிரே நின்றது ஒரு நொடியில் ஆவியாகி மறைகிறது. இதற்கு என்ன செலவு? மனிதரை விட்டுவிடுவோம், 40 லிட்டர் கொள்ளும் ஓர் அண்டாத் தண்ணீரை எடுத்துக்கொள்வோம். 30 பாகையிலிருந்து 100 பாகைக்குச் சூடேற்ற ஒரு லிட்டருக்கு 294 கிலோஜூல். கொதிநீரை ஆவியாக்க உள்ளுறை வெப்பம் 2,257 கிலோஜூல். கூட்டி நாற்பதால் பெருக்கினால் 10 கோடி ஜூலுக்கும் மேல் வருகிறது.

12 வோல்ட், 50 ஆம்பியர்-மணி கார் பாட்டரி ஒன்றில் உள்ள ஆற்றல் ஏறத்தாழ 21 லட்சத்து 60 ஆயிரம் ஜூல். எனவே சிறிதும் வீணாகாவிட்டாலும் ஒரு முறை சுடுவதற்கு நாற்பத்தேழு கார் பாட்டரிகள் வேண்டும்! அதனை ஒரே நொடியில் வெளிவிட 100 மெகாவாட் திறன் வேண்டும். உண்மையில் எந்த லேசரும் வாங்கிய மின்னாற்றல் முழுவதையும் ஒளியாக்குவதில்லை. பெரும்பங்கு வெப்பமாகிவிடுகிறது. அவ்வெப்பம் துப்பாக்கியிலேயே தங்கும். நாயகனின் கைதான் முதலில் வேகும். போதாக்குறைக்கு, ஆவியான அந்த அண்டாத் தண்ணீர் 67 கன மீட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். அதாவது நம் வகுப்பறையில் ஏறத்தாழப் பாதி. எதிரி மறைந்த இடத்தில் கொதிக்கும் நீராவி வெடித்துக் கிளம்பும். நாயகன் தப்புவானா?

மூன்றாம் தடை: காற்று

நம் சிற்றாலயத்தில் தூபம் காட்டும்போது, சன்னல் வழியாக விழும் வெயில் ஒரு தூணைப்போல் தெரிவதைப் பார்த்திருக்கிறோம். தூபம் அடங்கியதும் தூண் மறைந்துவிடும். வெயில் அப்போதும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. புகைத்துகள்கள் ஒளியை நம் கண்ணின் பக்கம் சிதறச் செய்தால்தான் கற்றை புலப்படும். வெற்றிடமான விண்வெளியில் லேசர் கற்றை பக்கவாட்டில் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அது எழுப்பும் ஓசையும் கேட்காது.

1977-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' என்ற புகழ்பெற்ற படத்தில் ஒளித்துண்டுகள் அம்புபோல் பறந்து செல்கின்றன. வீரர்கள் விலகித் தப்பிக்கிறார்கள். ஒளியோ நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் செல்வது. 30 மீட்டர் நீளக் கூடத்தை அது கடக்க நொடியில் கோடியில் ஒரு பங்கு போதும். கண்டு விலக யாராலும் இயலாது.

காற்றில் வேறொரு தொல்லையும் உண்டு. நண்பகலில் தார்ச்சாலையின் மேல் காற்று அலையாடுவதைப் பாருங்கள். அப்பால் உள்ளவை நெளிந்து தோன்றும். வலிமை மிக்க லேசர் கற்றை தான் செல்லும் வழியிலுள்ள காற்றையே சூடாக்கிவிடும். சூடான காற்று குழிலென்சைப்போல் செயற்பட்டுக் கற்றையை மேலும் விரித்துவிடும். வலிமை கூடக் கூடத் தன் பாதையைத் தானே கெடுத்துக்கொள்கிறது! மழை, மூடுபனி, புழுதி ஆகியவற்றைச் சொல்ல வேண்டியதே இல்லை.

துகள் கற்றை என்ன ஆயிற்று?

ஒளிக்குப் பதிலாக எலெக்ட்ரான், புரோட்டான் போன்ற துகள்களைப் பாய்ச்சினால்? டெஸ்லா நினைத்தது இத்தகைய ஒன்றையே. ஆனால் ஒரே வகை மின்னூட்டமுடைய துகள்கள் ஒன்றையொன்று விலக்கும். கற்றை போகப் போகப் பருத்துவிடும். பூமியின் காந்தப் புலமும் அதனை வளைத்துவிடும். காற்றில் சிறிது தூரம் சென்றதும் மோதி மோதி ஓய்ந்துவிடும்.

ஆனால் புரோட்டானுக்கு ஒரு நற்குணம் உண்டு. திசுவுக்குள் செல்லும்போது வழியில் சிறிதளவே ஆற்றலை இழந்து, நிற்கப்போகும் இடத்தில் பெரும்பங்கைக் கொட்டிவிடும். நிற்கும் ஆழத்தை வேகத்தைக் கொண்டு நிர்ணயிக்கலாம். ஆகவே புற்றுநோய்க் கட்டிக்குச் சிகிச்சை அளிக்க இதனைப் பயன்படுத்தலாம் என்று 1946-இல் இராபர்ட் வில்சன் என்ற விஞ்ஞானி எழுதினார். இன்று பல நாடுகளில் இச்சிகிச்சை நடைபெறுகிறது. 2019-இல் சென்னையிலும் ஒரு மையம் தொடங்கப்பட்டது.

கதை நனவானதா?

1983 மார்ச் 23 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரீகன், பாய்ந்து வரும் அணு ஏவுகணைகளைத் தடுத்து அழிக்கும் பெருந்திட்டம் ஒன்றை அறிவித்தார். விண்வெளியிலிருந்து கதிர்களைப் பாய்ச்சும் யோசனைகளும் அதில் இடம்பெற்றன. மக்கள் அதற்கு 'ஸ்டார் வார்ஸ்' என்றே பெயரிட்டார்கள். 1987-இல் அமெரிக்க இயற்பியல் கழகம் அமைத்த அறிஞர் குழு கணக்கிட்டுப் பார்த்து, இக்கதிர்கள் பயன்படுமா என்று முடிவு கூறுவதற்கே இன்னும் பத்தாண்டோ அதற்கு மேலோ ஆராய வேண்டும் என்றது. 1993-இல் அத்திட்டம் அந்தப் பெயரில் முடிவுக்கு வந்தது. பின்னர் போயிங் 747 விமானம் ஒன்றின் மூக்கில் மாபெரும் இரசாயன லேசரைப் பொருத்தி, 2010 பிப்ரவரியில் ஓர் ஏவுகணையைச் சோதனையில் வீழ்த்தினார்கள். ஆயினும் 2011-இல் அந்தத் திட்டமும் கைவிடப்பட்டது.

முற்றிலும் கதையாகவே போய்விட்டதா என்றால், அதுவும் இல்லை. 2014-இல் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றில் 30 கிலோவாட் லேசர் வைக்கப்பட்டது. நம் நாட்டின் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமும் 2025 ஏப்ரல் 13 அன்று கர்னூலில் 30 கிலோவாட் லேசரால் ஆளில்லா விமானங்களை வீழ்த்திக் காட்டியது. இங்கும் கணக்கைப் பார்ப்போம். 30 கிலோவாட் கதிர் ஐந்து நொடி விழுந்தால் ஒன்றரை லட்சம் ஜூல். அது முழுவதும் பயன்பட்டாலும் ஏறத்தாழ 150 கிராம் அலுமினியத்தை உருக்கலாம். மெல்லிய சிறகுடைய சிறு விமானத்துக்கு அது போதும். கோட்டையைத் தகர்க்கப் போதாது. செவ்வாய்க் கிரகத்தவரின் வெப்பக் கதிர் இன்னும் நூலகத்தில்தான் இருக்கிறது.

கண்ணுக்கு ஒரு காவல்

இப்போது அம்மாச்சியின் கேள்விக்கு வருகிறேன்.

மைமனின் லேசர் பிறந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. 1961 டிசம்பரில் நியூயார்க் நகர மருத்துவமனை ஒன்றில், ஒரு நோயாளியின் விழித்திரையில் இருந்த கட்டியை மாணிக்க லேசரால் அழித்தார்கள். கொல்லும் கதிர் என்று பெயரெடுத்தது, மனித உடலில் முதன்முதலாகச் செய்த மருத்துவம் ஒரு கண்ணில்தான்!

சர்க்கரை நோயால் பழுதுற்ற விழித்திரைக்கு எவ்வளவு ஆற்றல் செலுத்துகிறார்கள்? ஒரு புள்ளிக்கு 200 மில்லிவாட் திறனில் பத்தில் ஒரு நொடி என்று வைத்துக்கொள்வோம். அது 0.02 ஜூல். ஒரு தேக்கரண்டித் தண்ணீரை அது ஆயிரத்தில் ஒரு பாகை அளவுக்கே சூடாக்கும். அண்டாத் தண்ணீருக்குக் கேட்ட பத்துக் கோடி எங்கே, இது எங்கே! பச்சை ஒளி தெளிந்த கருவிழியையும் லென்சையும் சுடாமல் கடந்து, நிறமுள்ள விழித்திரையில் மட்டும் உறிஞ்சப்படுகிறது. நுண்புள்ளியில் குவிவதால் அந்தச் சிறு ஆற்றலே கசிவை அடைக்கவும், தீய குழாய்கள் முளைப்பதைத் தடுக்கவும் போதுமானதாகிறது. தொலைவில் விரிந்து தோற்கும் கதிர், அருகில் குவிந்து வெல்கிறது.

ஆனால் தோழியரே, இதில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. நம் கண்ணின் லென்ஸ், தன்மேல் விழும் லேசர் கற்றையை விழித்திரையில் குவித்து, அதன் செறிவை ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்காக்கிவிடும். விமானத்தை அசைக்க முடியாத சிறு கதிர்கூட ஒரு கண்ணை அவித்துவிடக்கூடும். திருவிழாக் கடைகளில் வாங்கும் லேசர் விளக்கை விளையாட்டாகக்கூட எவர் முகத்திலும் அடிக்காதீர்கள்.

போர் நடத்துவோரும் இதனை அறிந்திருந்தார்கள். எதிரிப் படைவீரரின் பார்வையைப் பறிக்கும் லேசர் கருவிகள் உருவாகத் தொடங்கின. செஞ்சிலுவைச் சங்கத்தின் பன்னாட்டுக் குழு இதனை எதிர்த்து அயராது குரல் கொடுத்தது. 1995 அக்டோபர் 13 அன்று வியன்னா நகரில் உலக நாடுகள் கூடி, நிரந்தரமாகக் குருடாக்குவதற்கென்றே செய்யப்படும் லேசர் ஆயுதங்களைத் தடை செய்யும் உடன்படிக்கையை ஏற்றன. 1998 ஜூலை 30 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஓர் ஆயுதம் போர்க்களங்களில் பெருகுவதற்கு முன்பே அதனை வேண்டாமென்று மக்கள் மறுத்தது அரிய செயலன்றோ? மற்றத் தடைகளெல்லாம் இயற்கை வைத்தவை. இந்த ஒரு தடை மட்டும் மனிதனின் மனச்சாட்சி வைத்தது.

முடிவுரை

இக்கணக்குகளை ஒரு நோட்டில் எழுதி அம்மாச்சிக்கு வாசித்துக் காட்டினேன். அண்டாத் தண்ணீருக்குச் சிரித்தார். தேக்கரண்டித் தண்ணீருக்குச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அவ்வளவு கொஞ்சம்தானா? இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே கண்ணு" என்றார். மறுவாரம் சிகிச்சைக்குப் போனோம்.

அச்சத்தால் ஆறு மாதங்கள் கழிந்துவிட்டிருந்தன. வலக்கண்ணின் பார்வை காக்கப்பட்டது. இடக்கண்ணில் அதற்குள் இழந்தது இழந்ததுதான்; லேசர் இருப்பதைக் காக்குமேயன்றிப் போனதைத் திருப்பித் தராது என்று மருத்துவர் சொன்னார். அம்மாச்சி அதற்காக யாரையும் நொந்துகொள்ளவில்லை. பெரிய எழுத்து செபப் புத்தகத்தை வலக்கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு வாசிக்கிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம், அன்று நாற்காலிக்கு அருகே பதில் தெரியாமல் நின்றது என் நினைவுக்கு வருகிறது.

கதைகளைப் படிப்போம், படங்களையும் பார்ப்போம். வெல்ஸின் கற்பனை இல்லையேல் பலர் ஒளியைப் பற்றிச் சிந்தித்தே இருக்கமாட்டார்கள். ஆனால் கதை முடிந்ததும் தாளும் பேனாவும் எடுத்து, "இது எவ்வளவு ஜூல்?" என்று ஒரு முறை கேட்போம். வீட்டில் யாரேனும் அஞ்சி நிற்கும்போது சொல்வதற்கு, நம்மிடம் ஒரு விடை இருக்கட்டும்.